மினுக்கும் க்ரீம் ஐஷேடோ நிற்கவில்லையா? எத்தனை மணிக்குச் சொதப்பியது என்று முதலில் பாருங்கள்

போன ஆவணியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. நாலு மணிக்கெல்லாம் மேக்கப் முடிந்து, பட்டுப்புடவையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். 5.30க்கு என்னைக் கூப்பிட்டு, "அக்கா, கண்ணை மூடுறேன், எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லேன்" என்றாள். பார்த்தேன். இமை முழுக்கப் பூசியிருந்த தங்க நிறம் மடிப்பில் ஒற்றைக் கோடாகத் திரண்டிருந்தது. கோட்டுக்குக் கீழே வெறும் தோல், அதில் எண்ணெய்ப் பளபளப்பு. டப்பாவின் மேல் '24 மணி நேரம்' என்று போட்டிருந்தது.

கல்யாணம் முடிந்ததும் அந்த டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏற்கெனவே என்னிடம் ஒரு டப்பாவும் மூன்று ஸ்டிக்கும் இருந்தன. ஐந்தையும் ஒன்றரை மாதம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வலது கண்ணுக்கு ஒரு முறை, இடது கண்ணுக்கு வேறொரு முறை. காலை 8க்குப் போட்டால் 11, 3, 7 மணிக்குப் போனில் படம். நடுவில் மின்சார ரயில், வெயில், ஏசி, மறுபடி மின்சார ரயில். "ஒரு கண்ணு மட்டும் ஏன் டல்லா இருக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணப் பெண்ணை ஒன்றரை மணி நேரத்தில் கைவிட்ட அதே டப்பா, என் இமையில் இரவு 7 வரை நகரவில்லை. சரக்கில் கோளாறு இல்லை. அதற்கு அடியில் என்ன இருந்தது, பூசிய பிறகு முதல் ஒரு நிமிடம் என்ன செய்தோம், இந்த இரண்டில்தான் விஷயம்.

அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுடையதைத் தேடிப் போவதற்கு முன் ஒரே ஒரு சோதனை.

முதலில்: இது காயும் ரகமா, காயாத ரகமா?

புறங்கையில் ஒரு கோடு இழுத்து, ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு டிஷ்யூவால் தேய்க்காமல் ஒற்றிப் பாருங்கள். டிஷ்யூவில் நிறம் ஏறாவிட்டால் காயும் ரகம். வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் அது காயாத ரகம், களிம்பு மாதிரி. அதற்கு அடியில் எந்த ப்ரைமர் (ஐஷேடோ பிடித்து நிற்க முதலில் பூசும் அடிப்பூச்சு) போட்டும் நாள் முழுக்க நிற்காது. மேலட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

நீண்ட நேரம் நிற்கும் ரகத்தில் பெரும்பாலும் தண்ணீரே இருக்காது. ஐசோடோடெகேன் என்ற மெல்லிய திரவம்தான் அதை இளக்கமாக வைத்திருக்கிறது. அதோடு மெழுகு, ட்ரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட் போன்ற ஒரு பிசின், நிறத்தூள், மினுக்கம். இமையில் பூசியதும் திரவம் ஆவியாகிப் போகும். பிசின் மெல்லிய ஏடாகப் படிந்து நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். நெயில் பாலிஷ் காய்கிற மாதிரிதான். காய்வதற்குள் அதை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். காய்ந்த பிறகு தேய்த்து இழுத்தால் உரியும். எண்ணெய் பட்டால் கரையும். பூசியது நிற்காமல் போகிற தொல்லைகளுக்குப் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டுமானால், உட்பொருள் பட்டியலின் முதல் நான்கைந்து பெயர்களைப் படியுங்கள். ஐசோடோடெகேன், சைக்ளோபென்டாசிலாக்ஸேன் மாதிரி ஆவியாகிற பெயர் முன்னால் இருந்தால் நல்ல சகுனம். விளக்கெண்ணெய், மினரல் ஆயில், பெட்ரோலேட்டம் முன்னால் இருந்தால் போட்டோவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

பூசிக் கால் மணி நேரத்துக்குள் மடிப்பில் கோடு விழுகிறது

இவ்வளவு சீக்கிரம் கோடு விழுந்தால் எண்ணெய் காரணமில்லை. அதிகமாகப் பூசியிருக்கிறீர்கள், அல்லது காய்வதற்குள் கண்ணைத் திறந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டும்.

ஒரு கண்ணுக்கு அரை அரிசி அளவு போதும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும். மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்பினால் இமை முழுக்கப் போய்விடும். கண்ணாடியைச் சுவரில் மாட்டிப் பார்க்காமல் மேஜைமேல் படுக்க வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டே போடுங்கள். அப்போது இமை தானாக விரிந்திருக்கும், மடிப்பு விழாது. பூசி முடித்ததும் அதே மாதிரி கீழே பார்த்தபடி மனத்துக்குள் அறுபது எண்ணுங்கள். நான் நாற்பதில் நிறுத்திப் பார்த்தேன். ஸ்டிக்குகளுக்குப் போதுமாக இருந்தது, டப்பாவுக்குப் போதவில்லை.

இரண்டு கண்ணுக்கும் பூசிவிட்டு அப்புறம் பரப்பலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது கண்ணுக்கு வருவதற்குள் முதல் கண் காய்ந்திருக்கும். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

இரண்டு மணி நேரத்தில் இளகி மடிப்புக்குப் போய்விடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். எண்ணெய். ஆனால் யாருடைய எண்ணெய் என்று பார்க்க வேண்டும்.

"எனக்கு ஆயிலி ஸ்கின், எதுவும் நிக்காது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை தோலில் இல்லை, காலையில் தடவிய கிரீமில் இருக்கிறது. முகத்துக்குப் பூசும்போது கை தானாக இமைமேலும் ஒரு இழுப்பு இழுத்துவிடும். மாய்ஸ்சரைசர், ஐ கிரீம், சன்ஸ்கிரீன் எல்லாம் அந்தப் பிசின் ஏட்டை அடியிலிருந்து இளக்கும். ஒரு வாரம் வலது இமைக்கு மட்டும் சன்ஸ்கிரீனை எட்ட விடாமல் பார்த்துக்கொண்டேன். இடது இமைக்கு வழக்கம்போல. ஐஷேடோ ஒன்றே, அளவும் ஒன்றே. 11 மணிப் படத்தில் இடது கண்ணில் கோடு. வலது கண்ணில் 3 மணிக்குத்தான் லேசாக ஒரு மடிப்புத் தடம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு நிரூபணம் தேவைப்படவில்லை.

சன்ஸ்கிரீனை விடச் சொல்லவில்லை. இமைக்கும் வேண்டுமென்றால் பதினைந்து இருபது நிமிடம் முன்னாலேயே பூசுங்கள். ஐஷேடோவுக்கு முன் டிஷ்யூவால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

என் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அன்று விடியற்காலை நலங்கு. பெரியவர்கள் ஒவ்வொருவராக உச்சந்தலையில் எண்ணெய் வைத்தார்கள், பிறகு சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்தாள். தலைமுடியைத்தான் தேய்த்துக் குளிப்போம். இமையைத் தேய்த்துக் குளிக்கிறவர் யார்? நெற்றி வழியே வழிந்த நல்லெண்ணெய் இமைத் தோலில் அப்படியே இருந்திருக்கிறது. அதன் மேல் ப்ரைமர், அதன் மேல் கிரீம். மேக்கப் போட்டவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எண்ணெய்க் குளியல் இருக்கிற கல்யாண வீடு என்றால், பஞ்சில் மைசெல்லர் வாட்டர் (மேக்கப்பும் எண்ணெயும் துடைக்கிற திரவம்) நனைத்து இமையை ஒருமுறை துடைத்து, தண்ணீரால் துடைத்து, உலர விட்ட பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். தீபாவளிக்கும் இதே கதைதான்.

உண்மையாகவே இமையில் எண்ணெய் சுரக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: டிஷ்யூவால் ஒற்று, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு அரிசி அளவு ஐ ப்ரைமர், ஒரு நிமிடம், பிறகு கிரீம், மறுபடி ஒரு நிமிடம். ப்ரைமருக்குப் பதில், கருவளையம் மறைக்கிற கன்சீலரைப் போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். சாதாரணக் கன்சீலர் தானே மடிப்பில் போய் உட்காரும். மேலே இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். தோல் நிறத்தில், மினுக்கம் இல்லாத, காயும் ரக க்ரீம் ஐஷேடோ ஒன்று கையில் இருந்தால் அதுவே நல்ல ப்ரைமர். மாக் நிறுவனத்தின் பெயின்ட் பாட்டில் 'பெயின்டர்லி' என்ற நிறத்தை மேக்கப் கலைஞர்கள் பெட்டியில் வைத்திருப்பது தனியாகப் போட அல்ல, அடித்தளமாகப் போடத்தான்.

இதற்கும் மேல் ஒரு காவல் வேண்டுமானால், மடிப்புக் கோட்டில் மட்டும் சின்ன பிரஷ்ஷால் மினுக்கமில்லாத பழுப்புப் பவுடர் ஐஷேடோவை அழுத்தி வையுங்கள். இமை முழுக்கப் பவுடர் போட்டால் மினுக்கம் செத்துவிடும். அப்புறம் எதற்கு இந்தச் செலவு?

கண்ணைத் திறந்தால் இமையே தெரியாமல் மேல் தோல் வந்து மூடிக்கொள்கிற அமைப்பு சிலருக்கு உண்டு. எனக்கும் இடது கண் கொஞ்சம் அப்படித்தான். அங்கே தோலும் தோலும் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். எந்தக் கிரீமும் முழுதாகத் தாங்காது. மினுக்கத்தை இமையின் நடுவில், கருவிழிக்கு நேர் மேலே, ஒரு விரல்நுனி அகலத்துக்கு மட்டும் வையுங்கள். உரசுகிற இடத்தைப் பவுடருக்கு விட்டுவிடுங்கள். புருவத்துக்குக் கீழே மினுக்கம் அச்சு விழுவதும் இதே உரசலால்தான். மருந்தும் இதேதான்.

நடுவில் வழுக்கை விழுகிறது

பூசும்போது நன்றாகத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று இரண்டாவது முறை விரலை இழுப்போம். பொத்தென்று நடுவில் தோல் தெரியும். மேலும் பூசினால் மேலும் வழுக்கை. காரணம் எளிது. புதிதாகப் பூசுகிற கிரீமில் இருக்கும் திரவம், அடியில் காய்ந்திருந்த ஏட்டை மறுபடி இளக்குகிறது. விரலின் இழுப்பு அதை உரித்து எடுக்கிறது.

இரண்டாவது பூச்சு இழுப்பாக இருக்கக் கூடாது, ஒத்தடமாக இருக்க வேண்டும். முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகு, விரல்நுனியில் எடுத்து நேராக வைத்து அழுத்தி, நேராக எடுங்கள். ஸ்டிக்காக இருந்தால் இமையில் நேரே தேய்க்க வேண்டாம். புறங்கையில் தேய்த்து, அங்கிருந்து விரலால் எடுங்கள். பிரஷ் பிடிக்கிறவர்கள் தட்டையான செயற்கை இழைப் பிரஷ்ஷாக வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை முடிப் பிரஷ் பாதிக் கிரீமைத் தானே குடித்துவிடும். என்னைக் கேட்டால் விரலுக்கு மிஞ்சியது இல்லை. அதன் சூட்டிலேயே கிரீம் இளகிக் கொடுக்கும்.

ஏற்கெனவே வழுக்கை விழுந்துவிட்டால் ஓரத்தைத் தேய்த்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். முழுதாகத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் சீக்கிரம் முடியும்.

மினுக்கம் கன்னத்தில் கொட்டுகிறது

சின்ன வயதில் ஆற்று மணலில் காக்காப்பொன் பொறுக்கியிருக்கிறீர்களா? நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியுமே, அந்த மைக்காதான் இதிலும் மினுக்குகிறது. ஏட்டைத் தூளாக்கி, அதன் மேல் டைட்டானியம் டையாக்சைடையோ இரும்பு ஆக்சைடையோ மெல்லிய படலமாகப் பூசிச் சேர்க்கிறார்கள். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பக்கத்து மைக்காச் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது வெளியே தெரிந்த பிறகு, சில நிறுவனங்கள் ஆலையில் செய்த செயற்கை மைக்காவுக்கு மாறின. பட்டியலில் அதன் பெயர் சிந்தெடிக் ஃப்ளூரோஃப்ளோகோபைட்.

துகளின் அளவில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண ஷிம்மர் துகள் மிகப் பொடியாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. அதைப் பிசின் ஏடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தனித்தனிப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிகிற பெரிய மினுக்கத்தை அந்த ஏட்டால் கட்டிப் பிடிக்க முடியாது. நீங்கள் கண் சிமிட்டச் சிமிட்ட உதிரும். ஆகவே டப்பாவைத் திறந்ததும் உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், கண்ணுக்கு முதலில் போட்டுவிட்டுக் கன்னத்துக்கு ஃபவுண்டேஷன் பிறகு போடுங்கள். உதிர்ந்ததைப் பிரஷ்ஷால் தட்டினால் பரவும். செலோடேப்பைப் புறங்கையில் நாலு முறை ஒட்டி எடுத்து அதன் பசையைக் குறைத்துவிட்டு, அதால் கன்னத்தில் மெல்லத் தொட்டு எடுங்கள். கண்ணுக்குக் கீழே வேண்டாம், அந்தத் தோல் தாங்காது.

கண் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது

கடையில் வெள்ளி ரோஜாவாகத் தெரிந்தது. வீட்டில் இமையில் திருநீறு பூசிய மாதிரி. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது அடிக்கடி நடக்கும். குற்றம் உங்கள் நிறத்தில் இல்லை. வெளிர் நிற ஷிம்மர்களில் வெள்ளை டைட்டானியம் டையாக்சைடு தூக்கலாக இருக்கும். கறுத்த தோலில் அது சாம்பலாகத்தான் தெரியும். இரும்பு ஆக்சைடு பூசிய துகள்கள் தங்கம், செம்பு, வெண்கலமாக வரும். நம் தோலில் அவை தனி அழகு.

பட்டியலில் சிஐ (CI) 77891 என்ற நிற எண் இருந்தால் டைட்டானியம் டையாக்சைடு. 77491, 77492, 77499 மூன்றும் இரும்பு ஆக்சைடுகள். ஆனால் அந்த வரிசையின் எல்லா நிறங்களுக்கும் பொதுவாக ஒரே பட்டியலை அச்சடித்துவிடுவார்கள் என்பதால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். உள்முழங்கையில் பூசி, கடைக்கு வெளியே வந்து வெயிலில் ஒருமுறை பாருங்கள். கடைக்குள் அடிக்கிற லைட்டில் எல்லாமே அழகுதான்.

வாங்கியாயிற்று, திருப்பித் தரவும் முடியாது என்றால், அடியில் பழுப்பு நிற க்ரீம் ஐஷேடோ ஒன்றைப் போட்டுக் காயவிட்டு, இதை நடுவில் மட்டும் ஒற்றுங்கள். வெள்ளி பழுப்போடு கலந்து வெண்கலம் மாதிரி ஆகும். என்னிடம் சும்மா கிடந்த ஒரு ஸ்டிக் இப்படித்தான் மறுவாழ்வு பெற்றது.

டப்பா இறுகிவிட்டது, ஸ்டிக் வியர்க்கிறது

மூடி சரியாகத் திருகப்படாத டப்பாவிலிருந்து ஐசோடோடெகேன் போய்க்கொண்டே இருக்கும். மேல் ஏடு மட்டும் இறுகியிருந்தால் ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அடியில் இளக்கமாக இருக்கும். டப்பாவை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்தாலும் கொஞ்சம் இளகும். முழுவதும் இறுகிவிட்டால் போனது போனதுதான். தண்ணீர் விட்டால் கலக்காது. நான் ஒரு சொட்டு பாதாம் எண்ணெய் விட்டுக் குழைத்தேன். வெண்ணெயாக வந்தது, சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு அது காயவே இல்லை. ஒரு டப்பா அப்படிப் போயிற்று. அடுப்பு அனலில் காட்டுகிற யோசனையும் வேண்டாம். அந்தத் திரவம் தீப்பற்றக் கூடியது.

ஸ்டிக்கை மே மாதத்தில் வண்டி டிக்கியில் விட்டால் முத்து முத்தாக வியர்த்திருக்கும். கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, மேல் ஈரத்தை ஒற்றிவிட்டுப் பயன்படுத்திப் பாருங்கள். அதன் பிறகும் புறங்கைச் சோதனையில் தேறாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

ராத்திரி போகவே மாட்டேன் என்கிறது

நல்ல சரக்கு என்று அர்த்தம். சோப்பும் தண்ணீரும் பிசினை ஒன்றும் செய்யாது. எண்ணெயும் நீரும் இரண்டு அடுக்காகத் தெரிகிற ரிமூவரைக் குலுக்கிப் பஞ்சில் நனைத்து, மூடிய கண்மேல் முப்பது விநாடி வைத்திருந்து, பிறகு கீழ்நோக்கி ஒரே இழுப்பு. தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும்; கண்ணுக்குள் போனால் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இமையில் தங்கிய எண்ணெயைக் கழுவிவிடுங்கள். கழுவாவிட்டால் நாளைக் காலைக் கோட்டுக்கு இன்றைக்கே அடி போட்டாயிற்று.

அரிக்கிறது, எரிகிறது, சிவக்கிறது

இதற்குச் சரிசெய்யும் வழி கிடையாது. உடனே துடைத்துவிட்டு, கண்ணைச் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். மினுக்கத் துகள் உள்ளே போயிருந்தால் கசக்கவே கூடாது, கருவிழியில் கீறல் விழும். கழுவியும் உறுத்தல் போகாவிட்டால் கண் டாக்டர்.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மேக்கப்புக்கு முன் லென்ஸைப் போட்டு, மேக்கப்பைத் துடைப்பதற்கு முன் கழற்றிவிட வேண்டும். மெட்ராஸ் ஐயோ கண்கட்டியோ வந்த சமயத்தில் விரல் விட்ட டப்பா எவ்வளவு விலையானாலும் குப்பைக்கு. திறந்த டப்பா படத்துக்குள் '6எம்', '12எம்' என்று போட்டிருப்பது, திறந்த பிறகு எத்தனை மாதம் என்ற கணக்கு. வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லி நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைப்பதில், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கண்ணுக்கு வேண்டாம்.

மேடை ஏற அரை மணி நேரம்தான் இருக்கிறது

அன்று 5.30க்குச் செய்தது இது. காய்ந்த விரலால் மடிப்புக் கோட்டை வெளிப்பக்கமாக உருட்டி எடுத்தேன். டிஷ்யூவை இரண்டாக மடித்து இமையில் ஒற்றினேன். எண்ணெய்த் தடம் பட்டது, இன்னொன்று, இன்னொன்று, தடம் விழுவது நிற்கும் வரைக்கும். மடிப்பில் மட்டும் காம்பாக்ட் பவுடர் துளி. அதே டப்பாவிலிருந்து நகக்கண் அளவு எடுத்து நடு இமையில் ஒத்தடம். "கீழ பார்த்துட்டே இரு, நிமிராதே." வெளியே நாதஸ்வரம் கேட்டதும் நிமிரப் போனாள், தலையைப் பிடித்துக்கொண்டு அறுபது எண்ணினேன்.

இனிப் பயம் ஹோமப் புகையில். கண்ணீராலோ வியர்வையாலோ காய்ந்த ஏடு கரையாது. கர்ச்சீப்பால் துடைத்தால்தான் போகும். அதனால் அவள் கையிலிருந்த கர்ச்சீப்பைப் பிடுங்கிக்கொண்டு நான்காக மடித்த டிஷ்யூவைக் கொடுத்தேன். "கண்ணு கலங்குச்சுன்னா கீழ் இமை ஓரத்துல ஒத்து, மேல போகாதே" என்றேன். தாலி ஏறும்போது எடுத்த படங்களைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கண்ணின் வெளி ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு இருக்கிறது. நான் சொல்லாமல் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.